மனுதாரர் இரண்டு முறை சிரித்தார்

காட்டின் வாசலில் ஒரு செவ்வாய்க்கிழமை அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. இனிமேல் அறிவிப்பு எதுவும் ஒட்டப்படாது என்பதுதான் அந்த அறிவிப்பு.

மீட்டர்காரர் அதை மூன்று தடவை படித்தார். முப்பத்தோரு வருடம் தண்ணீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு வீடாகப் போய்க் குனிந்து, மூடியைத் திறந்து, உள்ளே ஓடும் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தவருக்குப் பொடி எழுத்து புதிதல்ல. ஆனாலும் இது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. 'இருநூற்றைம்பது ஏக்கருக்கு உட்பட்ட மர அகற்றுதல், சிறு அளவிலானது என்பதால், அதுபற்றிப் பொதுமக்களுக்குத் தெரிவிக்கவோ, அவர்களிடம் கருத்துக் கேட்கவோ, ஆட்சேபணை பெறவோ தேவையில்லை எனப் புதிய விதி வகுக்கப்பட்டுள்ளது. பொதுமக்கள் இதையே கடைசித் தெரிவிப்பாகக் கொண்டு மகிழவும்.' கீழே கையெழுத்து, முத்திரை. மகிழவும் என்ற வார்த்தைக்கு மட்டும் அடிக்கோடு.

மொத்தக் காடே தொள்ளாயிரம் ஏக்கர்தான். சிறு அளவாக நாலு தடவை அகற்றினால் காடு துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். இந்தக் கணக்கு மீட்டர்காரருக்குப் புரிந்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காரணத்தைச் சொல்லிவிட வேண்டியதுதான். அவர் தினமும் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துக் கடைசி ஸ்டாப்பில் இறங்கி, காட்டின் பதினாலாம் பகுதியில் ஓடை திரும்பும் இடத்தில் போய் உட்கார்ந்து, தன் மனைவியோடு பேசிவிட்டு வருவார். மனைவி இறந்து இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது.

உடனே ஆளுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். அவள் போய்விட்டாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. ஆனால் முப்பத்தாறு வருடம் அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கே சொல்லித் தீர்த்துப் பழகிய வாய். பிள்ளை இல்லை, குட்டி இல்லை. சொல்ல வேறு ஆளும் இல்லை. சொல்லாமல் படுத்தால் நெஞ்சில் ஏதோ உட்கார்ந்துகொண்ட மாதிரி இருக்கும். முதலில் வீட்டில்தான் பேசிப் பார்த்தார். அடுக்குமாடி வீட்டுச் சுவர், பெயருக்குத்தான் சுவர். அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "விருந்தாளி யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டார். பிறகு குடியிருப்போர் சங்கத்திலிருந்து கதவிடுக்கில் ஒரு சீட்டு வந்தது: 'தனியாகச் சத்தம்போட்டுப் பேசுவதைத் தவிர்க்கவும். குழந்தைகள் பயப்படுகின்றன.' பூங்காவில் பேசிப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். காட்டில் மட்டும்தான் யாரும் எழுந்து போகவில்லை. ஓடைச் சத்தமும் இலைச் சத்தமும் சேர்ந்து அவர் குரலை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டன.

அந்த ஓரிடமும் போய்விட்டால் அவர் எங்கே போய் வாயைத் திறப்பார்? அதுதான் அவர் கவலை. மரத்தின் மேல் அவருக்குத் தனிப்பட்ட பாசம் ஒன்றும் கிடையாது.

மறுநாள் காலை வனத்துறை அலுவலகத்துக்குப் போனார். பெரிய மேஜை, அதற்குப் பின்னால் அதிகாரி, அவருக்குப் பின்னால் ஒரு செடியின் படம்.

"காட்டை வெட்டப் போறீங்களாங்க?"

அதிகாரி காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "வெட்டறதுன்னு சொல்லாதீங்க சார். அந்த வார்த்தையையே நாங்க எடுத்து மூணு வருஷமாச்சு. இப்ப 'இடைவெளி மேம்பாடு'. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளியை மேம்படுத்தறோம்."

"எவ்வளவு தூரம் மேம்படுத்துவீங்க?"

"அடுத்த மரமே கண்ணுக்குத் தெரியலைன்னா முழு வெற்றின்னு அர்த்தம்."

"பதினாலாம் பகுதியும் அதுல வருதுங்களா?"

"அதை நான் சொல்லக் கூடாது. சொன்னா அது அறிவிப்பு ஆயிடும். அறிவிப்பு கொடுக்கக் கூடாதுன்னு விதி. என்னை விதியை மீறச் சொல்றீங்களா?"

மீட்டர்காரர் அப்படியெல்லாம் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினார். அதிகாரிக்கு அவர் மேல் இரக்கம் வந்துவிட்டது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் சார் எனக்கு. என்னைவிடக் காட்டை நேசிக்கறவன் கிடையாது. ஒரே ஒரு நாள்கூட உள்ள போய் அதைத் தொந்தரவு பண்ணினதில்லை. முன்னாடியெல்லாம் ஜனங்ககிட்ட கருத்துக் கேப்போம். கேட்டா என்ன ஆச்சு தெரியுமா? கருத்து சொல்றாங்க சார்! நாலாயிரம் கடிதாசி. படிக்க ஆள் வேணும், அடுக்க அலமாரி வேணும், அலமாரிக்கு மரம் வேணும். யோசிச்சுப் பாருங்க. மரத்தைக் காப்பாத்தணுங்கற ஒரே எண்ணத்துலதான் கருத்துக் கேக்கறதையே நிறுத்தினோம்."

வெளியே வரும்போது தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள் தலையை நிமிர்த்தாமலே, ஜெராக்ஸ் கடை மாடியில் காடு காப்போர் சங்கம் என்று ஒன்று இருப்பதாகவும், அங்கே ஒரு வக்கீல் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள்.

வக்கீலம்மா ஈ ஓட்டவில்லை. நாற்பது வயதிருக்கும், சட்டப் புத்தகத்துக்கு நடுவில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"காட்டு விஷயமா வந்தேங்க."

"உறுப்பினராச் சேரணும்னா அந்தப் படிவம்."

"இல்லைங்க, நான் தினமும் அங்க போறவன்..."

வக்கீலம்மா எழுந்து நின்றுவிட்டார். "தினமுமா? நிஜமாவா? காட்டுக்குள்ளயா? நடந்தா?"

தன்னைப் பார்த்து ஒருவர் எழுந்து நின்று எத்தனை நாளாயிற்று என்று மீட்டர்காரர் யோசித்தார். கணக்குக்கு அகப்படவில்லை.

விஷயம் இதுதான். சங்கத்தில் எட்டாயிரம் உறுப்பினர்கள். எல்லோரும் காட்டுக்காக உயிரைக் கொடுக்கத் தயார். ஆனால் அட்டை கடிக்கும் என்பதால் ஒருத்தரும் உள்ளே போனதில்லை. அதனால் மூன்று வருடமாக வழக்கே போட முடியவில்லை.

"காடு கேஸ் போட முடியாது சார். மரமும் போட முடியாது. விதி தப்புன்னு பொதுவா சொன்னாலும் கோர்ட் கேக்காது. 'இதனால எனக்கு நஷ்டம்'னு ஒரு மனுஷன் வந்து நிக்கணும். உங்களைத்தான் இத்தனை நாளா தேடிட்டிருந்தோம்." பேனாவைத் திறந்தார். "சொல்லுங்க. அங்க போய் என்ன பண்ணுவீங்க?"

மீட்டர்காரர் வார்த்தையை மென்று விழுங்கினார். "சும்மா... உக்காந்திருப்பேன்."

'இயற்கை எழிலை இரசிப்பார்' என்று வக்கீலம்மா எழுதிக்கொண்டார். மீட்டர்காரர் திருத்தவில்லை. தன்னைத் தேடிக்கொண்டிருந்ததாகச் சொல்கிற ஒரு மனுஷியிடம் போய் எப்படித் திருத்துவது?

அன்று மாலை ஓடைக்கரையில் உட்கார்ந்து மனைவியிடம் சொன்னார்: "இந்தா, கேட்டியா? நான் கேஸ் போட்டிருக்கேன். அரசாங்கத்து மேல. சிரிக்காத."

வழக்கு விசாரணைக்கு வர ஏழு மாதம் ஆயிற்று. கோர்ட்டில் எதற்கெடுத்தாலும் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. நீதிபதி வரும்போது நின்றார்கள். நீதிபதி தண்ணீர் குடிக்கப் போகும்போது நின்றார்கள். உள்ளே இருந்த பெஞ்சு, மேஜை, கூண்டு, நீதிபதியின் முதுகுக்குப் பின்னால் கூரை வரை போன பலகை எல்லாமே நல்ல வைரம் பாய்ந்த மரம். அரசாங்கத்து வக்கீல் பளபளவென்று இருந்தார்.

"எந்த மரத்தை வெட்டப் போறாங்க?" என்று நீதிபதி கேட்டார்.

"தெரியாதுங்க ஐயா. கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க."

"தெரியாத மரத்துக்காக நீங்க எப்படி வருத்தப்பட முடியும்?"

அரசு வக்கீல் எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, மரம் நிக்குது. நிக்கற மரத்தால யாருக்கும் நஷ்டமில்லை. அதனால இந்த வழக்கு காலத்துக்கு முந்தினது."

"அப்ப வெட்டினப்புறம் வரலாங்களா?" என்று மீட்டர்காரர் கேட்டுவிட்டார். குறுக்கே பேசக் கூடாதாம். வக்கீலம்மா அவர் சட்டையை இழுத்தார்.

"வெட்டின மரத்தை இந்த நீதிமன்றத்தால நிமிர்த்தி வைக்க முடியாது" என்று அரசு வக்கீல் வருத்தத்தோடு சொன்னார். "அது காலங்கடந்தது."

நீதிபதி நேர்மையான மனிதர். கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். "மனுதாரர் கேக்கறது நியாயமான கேள்விதான். ரம்பம் பாதி மரத்துக்குள்ள போயிருக்கறப்ப வந்தா சட்டப்படி சரியா இருக்கும். அதுவும் கோர்ட் வேலை நேரத்துல." தட்டச்சாளர் அதைப் பதிவு செய்துகொண்டார்.

அடுத்து, அந்த மரங்களின் பெயரென்ன என்று அரசு வக்கீல் கேட்டார். மீட்டர்காரருக்குத் தெரியவில்லை. பெரிசா இருக்கும் என்றார். தினமும் பார்க்கிற மரத்தின் பெயர் தெரியாதா என்று அரசு வக்கீல் மடக்கினார்.

"அதுங்களும் என் பேரைக் கேட்டதில்லைங்க."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். அமைதி காக்கும்படி ஒரு மணி அடிக்கப்பட்டது.

"சரி, தினமும் போறதா சொல்றீங்க. யார் பார்த்தது?" என்று அரசு வக்கீல் தொடர்ந்தார்.

"யாரும் பார்க்கலைங்க. தனியாத்தானே போறேன்."

"தனியா இருந்ததுக்குச் சாட்சி யாரு?"

வக்கீலம்மா ஒரு கட்டு பஸ் டிக்கெட்டைக் கொடுத்தார். டிக்கெட் கடைசி ஸ்டாப் வரைக்கும்தான் பேசும், அதற்கு மேல் அதற்கு வாய் கிடையாது என்று அரசு வக்கீல் சொல்லிவிட்டார். கடைசியில் நீதிபதி உத்தரவு போட்டார். கோர்ட் அமீனா ஒருவர் ஆறு நாள் மனுதாரருடன் காட்டுக்குப் போக வேண்டும். அங்கே மனுதாரருக்குத் துயரம் உண்டாகிறதா, உண்டானால் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று பார்த்து எழுதிவர வேண்டும்.

அமீனா அடுக்குமாடிக்குள் நுழைந்ததும் அத்தனை கதவும் ஒருசேரத் திறந்து ஒருசேர மூடின. ஜப்தி பண்ண வந்திருக்கிறார்கள், பீரோவும் கட்டிலும் இன்றைக்குத் தெருவுக்கு வந்துவிடும் என்று பேச்சாகிவிட்டது. மீட்டர்காரர் அமீனாவோடு வெறுங்கையை வீசிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்ததைப் பார்த்து எல்லோருக்கும் ஏமாற்றம்.

அமீனாவுக்கு ஐம்பத்தைந்து வயது, முழங்கால் வலி. கையில் மடக்கு நாற்காலி, கக்கத்தில் படிவம். படிவத்தில் கட்டம் கட்டமாக இருந்தது. துயரம்: உண்டு, இல்லை, ஓரளவு. பெருமூச்சு: எண்ணிக்கை. கண்ணீர்: ஒரு கண்ணா, இரு கண்ணுமா. இரசிப்பு தொடங்கிய நேரம், முடிந்த நேரம்.

ஓடைக்கரையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். "ஆரம்பிக்கலாம் சார்."

"எதைங்க?"

"இரசிக்கறதை."

மீட்டர்காரர் மரத்தைப் பார்த்தார். மரம் நின்றுகொண்டிருந்தது. வேற்று மனிதர் ஒருவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும்போது அவளிடம் எப்படிப் பேசுவது? முதல் நாள் வாயே திறக்கவில்லை. 'துயரம்: இல்லை. கொட்டாவி: மூன்று' என்று எழுதிக்கொண்டு அமீனா கிளம்பினார். கொட்டாவிக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. மனிதர் கடமையில் அவ்வளவு சுத்தம். அவரே கட்டம் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் நாளும் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் அமீனா ஓடையில் வழுக்கி விழுந்தார். மீட்டர்காரர் தூக்கிவிட்டுத் துண்டைக் கொடுத்தார். முழங்காலை நீவிக்கொண்டே அமீனா, "பத்தொன்பது வருஷமா வீடு வீடாப் போறேன் சார். என்னைப் பார்த்ததும் அழுவாங்க, இல்லைன்னா கதவை அடைப்பாங்க. துண்டு கொடுத்த ஆள் நீங்கதான்" என்றார்.

"எனக்கும் அதே கதைதான். கதவைத் திறந்து, 'மீட்டர் அந்தப் பக்கம்'னு கையைக் காட்டிட்டு உள்ள போயிடுவாங்க. முப்பத்தோரு வருஷம்."

"நாய்?"

"அதையேன் கேக்கறீங்க!"

அவ்வளவுதான். இருவருக்கும் நாய் என்ற பொது எதிரி கிடைத்துவிட்டது. நாலாம் நாள் மீட்டர்காரர் ஒரு பிளாஸ்க்கில் டீ கொண்டுபோனார். ஐந்தாம் நாள் அமீனா தன் கெண்டைக்கால் தழும்பைக் காட்டினார். மீட்டர்காரர் தன்னுடையதைக் காட்டினார். ஆறாம் நாள் அமீனா ஒரு கதை சொன்னார். ஒரு வீட்டில் சம்மன் கொடுக்கப் போனாராம். ஆளைக் காணோம். நாய் பாய்ந்து வந்து சம்மனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது. 'சம்மன் வீட்டிலிருந்தவரால் நேரில் பெறப்பட்டது' என்று அறிக்கை எழுதினார். கோர்ட் ஏற்றுக்கொண்டது. குறித்த நாளில் நாய் ஆஜராகாததால் அதன் மேல் வாரண்ட் பிறப்பிக்கப்பட்டது.

மீட்டர்காரர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாரண்டோடு மறுபடியும் போனது அமீனாவேதான் என்று கேட்டதும் இன்னொரு தடவை சிரித்தார். அமீனாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துப் படிவத்தை எடுத்தார்.

"அதை எழுதாதீங்களேன்" என்றார் மீட்டர்காரர்.

"சத்தியப்பிரமாணம் எடுத்திருக்கேன் சார்." அமீனாவின் முகம் தொங்கிப்போயிற்று. ஆனாலும் எழுதினார். பஸ்ஸில் ஏறும்போது, "இப்படி ஒரு வாரம் எனக்கு அமைஞ்சதே இல்லை சார். ஆனா இனிமே ரோட்டுல பார்த்தாலும் பேச மாட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. கட்சிக்காரரோட பழகக் கூடாதுன்னு விதி" என்றார். அதன்படியே ஒரு தடவை கடைத்தெருவில் எதிரே வந்தவர் சட்டென்று தெருவைக் கடந்து போய்விட்டார்.

அந்த ஆறு நாளும் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழாம் நாள் தனியாகப் போய் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னார். சம்மன் வாங்கிய நாயைப் பற்றிச் சொன்னார். சொல்லி முடித்ததும் துயரம் நன்றாகவே வந்தது. எழுதிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

இறுதி விசாரணையில் அறிக்கையை அரசு வக்கீல் வாசித்தார். "துயரம், ஆறு நாளும் இல்லை. பெருமூச்சு, ஒன்று, டீ சூடாக இருந்ததால். கண்ணீர், இரு கண்ணிலும். காரணம், சிரிப்பு. நாலு பத்துக்கும் நாலு இருபத்தைந்துக்குமாக மனுதாரர் இரண்டு முறை சிரித்தார்." காகிதத்தை மேஜையில் வைத்தார். "கனம் நீதிபதி அவர்களே, இவர்தான் பாதிக்கப்பட்டவர்."

வக்கீலம்மா மீட்டர்காரர் பக்கம் குனிந்தார். "சார், இன்னும் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. இயற்கை எழில் எடுபடலை. நிஜமா அங்க என்ன பண்ணுவீங்க?"

மீட்டர்காரர் எழுந்து கைப்பிடிப் பலகையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுக்காரிகிட்ட பேசுவேங்க" என்றார்.

"மனைவியும் கூட வருவாங்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"இல்லைங்க ஐயா. அவ தவறிப்போயிட்டா. வீட்டுல பேசினா பக்கத்துல பயப்படறாங்க. அங்கதான் யாருக்கும் கேக்காது. அது போயிட்டா எனக்குப் பேச இடமில்லைங்க. அவ்வளவுதான் என் நஷ்டம்."

மீட்டர்காரருக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. இத்தனை பேர் முன்னால் தன் வீட்டுக் கதவைத் தானே திறந்து போட்டுவிட்டது போலிருந்தது.

அரசு வக்கீல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அரசாங்கத்துக்கும் கல்நெஞ்சு கிடையாது. ஆனா மனுதாரர் வாயாலேயே வந்துடுச்சு. இவருக்கு வேண்டியது மரமில்லை, தனிமை. அது அரசாங்கத்துக்கிட்ட தாராளமா கையிருப்பு இருக்கு. துறை அலுவலகத்துல ஒரு அறை ஒதுக்கித் தர்றோம்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிஜமாகவே உருகிப்போயிருந்தார். "இந்த நீதிமன்றம் வெறும் சட்டத்தைப் பார்க்கற இடம் இல்லை. இதுக்கும் இதயம் இருக்கு. மனுதாரரோட பேச்சைக் கேட்டதும் என் மனைவி ஞாபகம் வந்துடுச்சு. அவங்க உயிரோடதான் இருக்காங்க. நாங்க பேசி பதினோரு வருஷமாச்சு. இறந்தவங்களோட பேசற உரிமை மனுஷனோட ஆதார உரிமைன்னு இந்த நீதிமன்றம் முதல் முறையா அறிவிக்குது." தட்டச்சாளர் மூக்கை உறிஞ்சினார். "அந்த உரிமையை அலுவலக அறை எண் ஏழில், வேலை நாட்களில், மூணு மணியிலேர்ந்து மூணரை வரைக்கும் மனுதாரர் அனுபவிக்கலாம். நஷ்டம் நீங்கிட்டதால வழக்கு முடிச்சு வைக்கப்படுது. நஷ்டமே இல்லாததால விதி சரியா தப்பாங்கற கேள்வி எழலை."

பத்திரிகைகளில் 'மனிதாபிமானத் தீர்ப்பு' என்று கொட்டை எழுத்தில் வந்தது. படித்தவர்கள் கண் கலங்கினார்கள்.

"ஜெயிச்சுட்டோமாங்க?" என்று மீட்டர்காரர் படியில் இறங்கும்போது கேட்டார்.

வக்கீலம்மா காகிதக் கட்டைக் கைமாற்றிக்கொண்டார். "நீங்க ஜெயிச்சுட்டீங்க சார். காடுதான் தோத்துடுச்சு." அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இனிமே நீங்க பாதிக்கப்பட்டவர் இல்லை. நாங்க வேற ஆளைத் தேடணும்."

அதற்குப் பிறகு சங்கத்திலிருந்து போன் வரவில்லை. அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் போன் மணி அடிக்கிறதா என்று அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, ஓடை அங்கிருந்தே தெரிந்தது. முன்னெல்லாம் கால் மணி நேரம் நடந்தால்தான் தெரியும். பதினாலாம் பகுதியின் இடைவெளி முழுமையாக மேம்பட்டிருந்தது. அவர் நடந்துபோய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். "இந்தா" என்றுதான் ஆரம்பித்தார். அதற்கே பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த கண்டக்டர், யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். மீட்டர்காரர் வாயை மூடிக்கொண்டார்.

நெஞ்சு பொறுக்காமல் பன்னிரண்டு நாள் கழித்து ஏழாம் நம்பர் அறைக்குப் போனார். வேறு வழியும் இல்லை. முப்பது நாள் தொடர்ந்து பேசாமல் இருந்தால் ஒதுக்கீடு ரத்தாகிவிடும் என்று உத்தரவின் பின்பக்கத்தில் இருந்தது.

தான் மட்டும்தான் இருப்போம் என்று நினைத்துப் போனவருக்கு ஆச்சரியம். வராந்தா பெஞ்சில் நாலைந்து பேர் கையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். தீர்ப்பைப் பத்திரிகையில் படித்துவிட்டு மனுப் போட்டவர்களாம். இடைவெளி மேம்பாட்டில் இடம் இழந்தோர் என்று துறை அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தது. ஒருவர் பாட்டுப் பாட, ஒருவர் சும்மா இருக்க என்று ஆளுக்கு அரை மணி. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் ஒரு தையல்கார அம்மாள், கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பைக் கழற்ற மறந்து வந்திருந்தாள்.

பியூன் அவர் பெயரைக் கூப்பிட்டார். உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு டியூப் லைட். சுவரில் 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருந்தது. மீட்டர்காரர் உட்கார்ந்தார். சொல்ல எவ்வளவோ இருந்தது. தீர்ப்பு, கண்டக்டர், தெருவைக் கடந்துபோன அமீனா. எதுவும் வாயில் வரவில்லை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ தும்மினார்கள். அரை மணி நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்தார்.

பியூன் ரிஜிஸ்டரை நீட்டினார். "பேசினதுக்குச் சாட்சி வேணும் சார். சாட்சி இல்லைன்னா பேசலைன்னு அர்த்தம், இன்னியோட முப்பது நாள் முடியுது, ஒதுக்கீடு ரத்து. நான் போடக் கூடாது, துறை ஆள்." பெஞ்சைப் பார்த்துப் பொதுவாகக் குரல் கொடுத்தார். "இவர் பேசினதை யாராவது கேட்டீங்களா?"

யாரும் தலையை நிமிர்த்தவில்லை. சரி, இதோடு முடிந்தது என்று மீட்டர்காரர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நான் கேட்டேன்" என்றாள் தையல்கார அம்மாள்.

எழுந்து வந்து பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். 'எவ்வளவு தூரத்திலிருந்து' என்ற கட்டத்தில் நாற்பது அடி என்று எழுதினாள்.

பியூன் எட்டிப் பார்த்தார். "கதவுலேர்ந்து பெஞ்சு நாலடி தூரம்தானேம்மா இருக்கு?"

"நாற்பதுதான். நல்லா தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் மீட்டர்காரரைப் பார்த்தாள். "ஓடைக்கிட்ட பேசுவீங்கல்ல? நான் அந்தப் பக்கம் மேட்டுல இருப்பேன். நீங்க பேச ஆரம்பிச்சா எழுந்து சுத்துவழியா போயிடுவேன். ஒட்டுக் கேக்கறமாதிரி இருக்கக் கூடாதுல்ல."

மீட்டர்காரர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"அப்ப ஏம்மா கோர்ட்டுக்கு வரலை? ஒரு சாட்சிக்குத்தானே அவ்வளவு அலைஞ்சோம்!"

"எனக்கு எப்படித் தெரியும் சார்? யாரும் அறிவிக்கலையே."

சொல்லிவிட்டு டோக்கனைப் புரட்டிப் பார்த்தாள். அடுத்தது அவள்தான். "நான் அழறதுக்கு வருவேன். வீட்டுல ஏழு பேர் இருக்காங்க, முடியாது" என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒட்டுப்பலகைக் கதவு, மூடியும் மூடாமலும் நின்றது.

மீட்டர்காரர் எழுந்தார். வராந்தாவின் மறுகோடிக்கு நடந்துபோய், மாடிப்படிக்குப் பக்கத்தில், கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அங்கே கீழ்த்தளத்து டைப்ரைட்டர் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அரை மணி நேரம் அப்படியே நின்றார்.

பியூன் ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரமும் நடந்து வந்தார். "அந்தம்மா அழுதது கேட்டுச்சா சார்?"

"கேட்டுச்சு" என்றார் மீட்டர்காரர்.

கையெழுத்துப் போட்டார். தூரத்தைக் கேட்ட கட்டத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கத்தில்தான் இருந்தேன் என்று எழுதினார்.